கடல் தொழில் செய்யும் வீட்டுக்குப் புதுக் கருவி: வாங்கும் முன் நோட்டை எடுங்கள்

எங்கள் மகளிர் குழுவில் கடன் மனு எழுதுவது என் பொறுப்பு. பதினான்கு வருடமாக எழுதுகிறேன். ஆரம்பத்தில் ஆடு, தையல் மெஷின், கருவாட்டுக்கு உப்பு என்று கேட்டு வந்தார்கள். இப்போது கடலில் இடம் காட்டும் ஜிபிஎஸ், மீன் காட்டும் எக்கோ, இன்வெர்ட்டர், பிள்ளைக்கு லேப்டாப். "அக்கா, எல்லாரும் வாங்கிட்டாங்க, நாங்க மட்டும்தான் பாக்கி" என்பதுதான் பாதிப் பேர் சொல்லும் காரணம். அதை மனுவில் எழுத முடியாது. அதனால் நாலைந்து கேள்வி கேட்பேன். பதில் தெரியாமல் கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. ஒரு மாதம் கழித்து வேறு பொருளுக்கு மனு எழுதச் சொல்லித் திரும்பி வந்தவர்களும் உண்டு. அந்தக் கேள்விகளையும், அவற்றுக்கு எப்படித் தயாராவது என்பதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பாம்பன். வீட்டுக்காரர் ஃபைபர் வள்ளம் வைத்திருக்கிறார். சோழகக் காற்றில், அதாவது தெற்கத்திக் காற்றில், தென்கடல் (மன்னார் வளைகுடா) கலங்கினால் வடகடல் (பாக் விரிகுடா), வாடை தொடங்கினால் தென்கடல் என்று மாறி மாறிப் போவார். நாட்டுப்படகு என்பதால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்குமான 61 நாள் தடைக்காலம் எங்களுக்குக் கிடையாது. விசைப்படகுக்காரர்கள் கணக்கு வேறு. ஆனால் நோட்டு எழுதும் முறை ஒன்றுதான்.

ஒரு வருடம் எழுதுங்கள், அப்புறம் வாங்குங்கள்

ஒரு நீள நோட்டு போதும். ஒரு நாளைக்கு ஒரு வரி. தேதி, காற்று, எந்தக் கடல், டீசல் எத்தனை லிட்டர், ஐஸ் எவ்வளவு, என்ன மீன் எத்தனை கிலோ, ஏலத்தில் கிலோ என்ன விலை. கடைசியில் ஒரு கட்டம் அகலமாக விடுங்கள். நான் அதற்கு 'இடைஞ்சல்' என்று தலைப்பு போட்டிருக்கிறேன். அன்றைக்கு எது காலை வாரியதோ அதை அவர் வாயில் வந்தபடியே எழுதுவேன். "இன்ஜின் சூடு." "வலையில் பாசி." "ஐஸ் கரைஞ்சுபோச்சு." கரைக்கு வந்து அவர் டீ குடிக்கிற நேரத்தில் கேட்டுவிட வேண்டும். சாப்பிட்டுப் படுத்துவிட்டால் அப்புறம் ஒன்றும் வராது.

2019 பொங்கலுக்கு முன்னால் அவருக்கு எக்கோ வாங்கும் ஆசை வந்தது. கடலுக்கு அடியில் மீன் கூட்டம் நிற்பதைத் திரையில் காட்டும் கருவி. 38,000 ரூபாய் சொன்னார்கள். சண்டை வேண்டாம் என்று நோட்டை எடுத்து அடுக்களைத் தரையில் உட்கார்ந்தேன். முந்தின வருடம் 147 நாள் கடலுக்குப் போயிருந்தார். சிவப்பு மையில் மீன் இல்லாத நாளுக்கு ஒரு புள்ளி, விலை விழுந்த நாளுக்கு ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டே வந்தேன். மீன் பாடு இல்லாத நாள் 31. மீன் இருந்தும் பாதி விலைக்குப் போன நாள் 52. அந்த 52 நாளில் இடைஞ்சல் கட்டத்தைப் பார்த்தால் திரும்பத் திரும்ப ஒரே சங்கதி: "கணவாய் சிவந்துபோச்சு", "மேல் மீன் நல்லாருக்கு, அடி மீன் கொழகொழன்னு இருக்கு". அவர் எட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எங்களுக்கு மீனைக் கண்டுபிடிப்பதில் கஷ்டம் இல்லை, பிடித்த மீனைக் கரை சேர்ப்பதில்தான் கஷ்டம். எக்கோவுக்கு வைத்த பணத்தில் பாதிக்குக் குறைவாகவே செலவழித்து, தடித்த சுவருள்ள நல்ல ஐஸ் பெட்டி ஒன்று வாங்கினோம். கூடவே ஒரு பழக்கத்தையும் மாற்றிக்கொண்டோம். கணவாயை ஐஸ் மேல் நேராகப் போட்டால் உருகுகிற நல்ல தண்ணீர் பட்டு அதன் மினுக்கம் போய்விடும். பாலித்தீன் பையில் கட்டி, பையை ஐஸுக்குள் புதைக்க வேண்டும். அந்தப் பைகளுக்கு என்ன பெரிய செலவு! எக்கோ கெட்ட பொருள் என்று சொல்ல வரவில்லை. மூன்று வருடம் கழித்து அதையும் வாங்கினோம். ஆனால் எங்கள் வீட்டுக்கு அது இரண்டாவதாக வர வேண்டியதுதான்.

ஒரு வருடம் காத்திருக்க முடியாது என்பவர்கள் ஒரு காற்றுப் பருவமாவது எழுதுங்கள். அதற்குக் குறைந்து எழுதினால் நல்ல மாதத்தை வைத்துக் கடன் வாங்கி, கெட்ட மாதத்தில் தவணை கட்ட வேண்டியிருக்கும்.

கெட்டுப்போனால் யார் கையில் கொடுப்பீர்கள்?

கடைக்காரர் வாரண்டி அட்டையைக் காட்டுவார். அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ரிப்பேர் எந்த ஊரில்? எத்தனை நாளில் கைக்கு வரும்?" என்று கேளுங்கள். எங்கள் முதல் ஜிபிஎஸ்ஸை வெளியூர்க் கடையில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினோம். திரையில் தண்ணீர் இறங்கியது. கொடுத்த கருவி திரும்பி வர 43 நாள். மலிவு என்று மிச்சம் பிடித்த காசு, நான்கு நாள் இடம் தவறிப் போய்வந்த டீசலிலேயே கரைந்தது.

கடலில் கருவிகளைக் கெடுப்பது பெரும்பாலும் உப்புதான். பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து நிற்கும். அதைத் துடைத்துவிட்டு வாசலின் தடவுங்கள். வயர் சேரும் இடங்களை வெறும் டேப்பால் சுற்றாதீர்கள், உள்ளே ஈரம் தங்கிவிடும். சிலிக்கோன் பசை வைத்து மூடுங்கள். கருவிக்குத் தனி ஃபியூஸ் கட்டாயம். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் திரையைத் துடைக்க வேண்டும். குழாயை வைத்து அடிக்கக் கூடாது. இதை எங்கள் சின்னவன் ஒரு முறை செய்து காட்டிவிட்டான்.

ஃபியூஸ் பெட்டி வைக்கும்போது இன்றைக்கு இருக்கும் கருவிகளின் எண்ணிக்கைக்கு வாங்காதீர்கள். இரண்டு இடம் சும்மா இருக்கட்டும். இந்த யோசனையை நான் எங்கள் ஊர்ப் பாலத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் கப்பல் வரும்போது ஆட்கள் கையால் சுற்றித்தான் தூக்கைத் திறப்பார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே மோட்டாரில் மேலே ஏறுகிறது. எல்லாரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். எனக்குப் பிடித்தது தண்ணீரில் நிற்கும் தூண்கள். இப்போது ஓடுவது ஒரே தண்டவாளம், தூண்களைக் கட்டியிருப்பது இரண்டு தண்டவாளத்துக்கு. மேலே போடுவதை எப்போது வேண்டுமானாலும் போடலாம். அடியில் இருப்பதைத் திரும்பத் தோண்ட முடியாது. வள்ளத்தில் வயரும் பேட்டரிப் பெட்டியும் அப்படித்தான்.

நின்றுபோன நாளுக்கு ஒரு ஒத்திகை

பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு மார்கழி விடியலில் வீட்டுக்காரரும் மூத்தவனும் தென்கடலில் இருந்தார்கள். மூடுபனி. ஜிபிஎஸ் திரை இரண்டு முறை சிமிட்டிவிட்டு அணைந்தது. மூத்தவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறான். இவர் இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு, கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி, அதன் அடியில் துணி சோப்பை அப்பி இறக்கினார். தூக்கிப் பார்த்தால் சோப்பில் சேறு ஒட்டியிருந்தது. கொஞ்ச தூரம் வடக்கே வந்து இன்னொரு முறை. இப்போது மணலும் சிப்பித் தூளும். "தீவுப் பக்கம் வந்துட்டோம், இங்கேயே நங்கூரம் போடு" என்றார். பனி விலகின பிறகு பார்த்தால் எதிரே குருசடைத் தீவு. என் மாமனார் கற்றுக்கொடுத்த வித்தை. மூத்தவன் அன்றைக்குத்தான் அதை முதன்முதலாகப் பார்த்தான். எனக்கு வருத்தம் அதில்தான். ஜிபிஎஸ் வந்த பிறகு யாரும் அவனுக்குக் காட்டவே இல்லை.

அதிலிருந்து மாதம் ஒரு நாள் எங்கள் வள்ளத்தில் ஜிபிஎஸ் திரையை மூடித் துணி கட்டிவிட்டுத் திரும்பி வருவார்கள். பகலில் காம்பஸ். இரவில் பாம்பன் லைட்ஹவுஸும் ராமேஸ்வரம் டிவி கோபுரத்துச் சிவப்பு விளக்கும். 323 மீட்டர் உயரம் என்பதால் அந்த விளக்கு வெகுதூரம் தெரியும். அதைக் கட்டினவர்கள் எங்களை நினைத்துக் கட்டவில்லை, ஆனாலும் எங்களுக்கு அது ஒரு கலங்கரை விளக்கம்.

பார், அதாவது மீன் சேரும் கடலடித் திட்டு, இருக்கும் இடங்களை ஜிபிஎஸ்ஸுக்குள் மட்டும் வைக்காதீர்கள். கருவி செத்தால் அப்பாவும் தாத்தாவும் சேர்த்த சொத்து அத்தனையும் அதோடு போகும். நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுங்கள். எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். சில கருவி டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்று காட்டும். சில கருவி டிகிரி, நிமிடம், விநாடி என்று காட்டும். 9 டிகிரி 10.50 நிமிடம் என்பதை 10 நிமிடம் 50 விநாடி என்று புதுக் கருவியில் ஏற்றிவிட்டால் மூன்றில் ஒரு நிமிடம் தப்பு. வடக்கு தெற்காக ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். ஆக 600 மீட்டருக்கு மேல் தள்ளிப்போய் வலையை விட்டுக்கொண்டிருப்பீர்கள். பாறை மேல் விட்டால் வலையே போச்சு. எங்கள் பக்கத்து வீட்டில் இது நடந்து, யாரோ இடத்தைத் திருடிவிட்டார்கள் என்று ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள்.

ஆபத்து எண்களைப் பெயின்டால் வள்ளத்தின் உள்பக்கம் எழுதுங்கள். கடலோரக் காவல் படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, விஎச்எஃப் வயர்லெஸ் வைத்திருந்தால் சேனல் 16. போனில் மட்டும் சேமித்து வைத்தால் போன் நனைந்த அன்றைக்கு யாருக்கும் ஞாபகம் வராது. இன்னொன்று, வடகடலில் போனில் ரோமிங்கை அணைத்து வையுங்கள். அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொண்டு காசைத் தின்றுவிடும்.

இலவசமாக வருவதற்கும் இதே கேள்விதான்

இஸ்ரோ உருவாக்கிய செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டரை ஒரு லட்சம் படகுகளில் பொருத்த 364 கோடி ரூபாய்த் திட்டம் நடக்கிறது. போன் சிக்னல் கிடைக்காத தூரத்திலும் செய்தி அனுப்பலாம், வாங்கலாம். நல்ல காரியம். ஆனால் இலவசம் என்று வாங்கி மாட்டியதோடு விட்டுவிடாதீர்கள். ஆபத்துப் பொத்தான் எது, தவறி அமுக்கினால் எப்படி நிறுத்துவது, எந்தப் பெயரில் எந்த நம்பர் பதிவாகியிருக்கிறது என்று பொருத்த வருகிறவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படகு கை மாறியும் பழைய முதலாளியின் நம்பரே பதிவில் இருந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்கு போன் போகும் என்று யோசியுங்கள்.

ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் மீன் கிடைக்கக்கூடிய இடங்களைத் தினமும் சொல்கிறது. செயற்கைக்கோள் பார்த்த கடல் வெப்பத்தையும் நிறத்தையும் வைத்துக் கணிப்பது அது. மேகம் மூடினால் இருக்காது. எங்கள் வள்ளம் போகும் ஆழத்துக்கு அது பல நாள் உதவுவதில்லை. எங்களுக்கு உதவுவது அதே நிறுவனம் தரும் அலை உயரமும் காற்று வேகமும். பாம்பனில் 2016-லிருந்து ஒலிக்கும் கடல் ஓசை 90.4 வானொலியில் கேட்டுக்கொள்ளலாம். அரசின் 'தூண்டில்' செயலியும் இருக்கிறது. ஒரு செயலி போதும், அதை நன்றாகப் பழகுங்கள். ஐந்தை ஏற்றி வைத்து எதையும் திறக்காமல் இருப்பதில் என்ன பலன்?

எல்லாரும் வாங்கினால் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் கோபம் வரும். ஐஸ் பெட்டியை ஊரே வாங்கினாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை, எல்லார் மீனும் நல்ல மீன். ஆனால் சில கருவி, பக்கத்து வீட்டுக்காரரிடம் இல்லாத வரைக்கும்தான் லாபம். எல்இடி விளக்கு போட்டு மீனைக் கூட்டிப் பிடிப்பது அப்படி. முதலில் வாங்கினவருக்கு அள்ளிக்கொண்டு வந்தது. எல்லாரும் போட்டால் குஞ்சும் மிஞ்சாது. 2017 நவம்பரில் அதையும் இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டை மடியையும் மத்திய அரசு தடை செய்தது. விளக்குக்கும் ஜெனரேட்டருக்கும் வாங்கின கடன் தடை வந்ததால் ரத்தாகிவிடவில்லை.

அதே வருடம் பாக் விரிகுடாவில் இழுவைப் படகை விட்டு ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் படகுக்கு மாறும் திட்டம் வந்தது. படகு விலை 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20, நம் கையிலிருந்து 10. கேட்டவர்கள் எல்லாரும் 70 சதவீதம் மானியம் என்பதோடு நின்றுவிட்டார்கள். நான் கணக்கு போட்டால் நம் பங்கு 8 லட்சம், கடன் 16 லட்சம். அதை விடப் பெரிய செலவு ஒன்று அதில் எழுதப்படவில்லை. சாயங்காலம் போய் மறுநாள் காலை திரும்பிப் பழகின ஆட்கள் வாரக்கணக்கில் கடலில் கிடக்க வேண்டும். தூண்டில் கயிறு விடுவது மடி இழுப்பது மாதிரி வேலை இல்லை, முதலிலிருந்து கற்க வேண்டும். அந்தப் படகை நிறுத்தி வைக்க ஆழமான துறை வேண்டும், அதற்கு மூக்கையூரோ குந்துகாலோ போக வேண்டும். கேட்டவர்கள் வீடோ தங்கச்சிமடத்தில். படகை மாற்றும்போது வீட்டின் நேரமும் மாறுகிறது, ஆளில்லாத வீட்டை யார் பார்ப்பது என்பதும் திட்டத்தில் சேர வேண்டும். மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாறித்தான் ஆக வேண்டும், கடல் அப்படி இருக்கிறது. இந்தச் செலவுகளையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள் என்கிறேன்.

கடல்பாசி வளர்க்கும் பெண்களிடமும் இதே பாடம் இருக்கிறது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, 60 கிலோ விதைப் பாசி, 45 நாளில் அறுவடை. என் அம்மா கடலில் தானாக வளரும் மரிக்கொழுந்துப் பாசிக்கு முங்கி எழுந்து காதே மந்தமாகிப் போனவர். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அறுக்கலாம் என்றதும் அவருக்கு அதிசயம். ஆனால் எல்லா மிதவையிலும் ஒரே இனப் பாசி. 2013-14 வாக்கில் கடல் சூடேறி அது வெளுத்து உருகியபோது எல்லார் மிதவையும் ஒரே நேரத்தில் போனது. கஞ்சிப் பாசி என்ற வேறு இனத்தையும் விடாமல் வைத்திருந்தவர்கள் அன்றைக்கு அடுப்பை எரித்தார்கள். புதியது முழுக் கூலி தரும் வரைக்கும் பழையதில் ஒரு கை இருக்கட்டும்.

பணம்

சுருக்கமாகச் சொல்கிறேன். மீன் வாங்கும் வியாபாரியிடம் கருவிக்கு முன்பணம் வாங்காதீர்கள், கருவி உங்களுடையதாக இருக்கும், மீன் அவருடையதாகிவிடும். கிசான் கிரெடிட் கார்டு 2018-19 முதல் மீனவர்களுக்கும் உண்டு, வங்கியில் கேளுங்கள். மீனவ மகளிர் சேமிப்புத் திட்டத்தில் ஒன்பது மாதத்தில் 1,500 கட்டினால் அரசு 3,000 போட்டு 4,500 ஆகத் தருகிறது. அதை அரிசிக்கு வையுங்கள், கருவிக்குத் தொடாதீர்கள்.

கருவிக்குத் தனி உண்டியல். 24,000 ரூபாய் ஜிபிஎஸ் ஆறு வருடம் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடம் 150 நாள் கடல். ஆறு வருடத்தில் 900 நாள். ஒரு நாளைக்கு 27 ரூபாய். டீசலுக்குக் காசு எடுக்கும் அதே நேரத்தில் இதையும் எடுத்துப் போட்டுவிட வேண்டும். ஆறாவது வருடம் யாரிடமும் மனு எழுதச் சொல்லி வர வேண்டியதில்லை. என் வேலையை நானே குறைத்துக்கொள்கிறேன், பாருங்கள்.

வயதை எழுதுங்கள்

நோட்டின் நடுப்பக்கத்தில் குறுக்கே பத்து வருடம், நெடுக்கே வீட்டில் இருப்பவர்கள் பேர். கட்டத்துக்குள் வயதை மட்டும் எழுதுங்கள். எழுதி முடித்ததும் என்ன வாங்க வேண்டும் என்பது தானாக மாறும். எங்கள் வீட்டில் பெரிய இன்ஜின் வாங்கும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கட்டத்தில் பத்தாவது வருடம் வீட்டுக்காரருக்கு 64 என்று வந்தது. இப்போதே வலை இழுத்த ராத்திரி தோளில் தைலம் தேய்க்கிறேன். மூத்தவன் ஓட்டுவான், சின்னவன் ஐடிஐ முடித்துக் கரை வேலைதான் என்று சொல்லிவிட்டான், சின்னவளுக்கு அப்போது கல்லூரி முடிந்திருக்கும். ஆக வள்ளத்தில் இழுக்கிற கை குறையப் போகிறது, வேகம் குறையப் போவதில்லை. பெரிய இன்ஜினை அடித்துவிட்டு, 'வலை இழுக்கும் வின்ச்' என்று எழுதினோம். அடித்தது அவர்தான்.

இப்போது நோட்டில் 'மின்சார மோட்டார்' என்று தலைப்பு போட்டு இரண்டு பக்கம் வெறுமனே விட்டிருக்கிறோம். வாங்கும் எண்ணம் இல்லை, பேச்சு வரத் தொடங்கிவிட்டது என்பதால். சின்னவள் நேற்று அதில் பென்சிலால் மூன்று கேள்வி எழுதி வைத்திருக்கிறாள். "சார்ஜ் எங்கே போடுவது? புயல் கூண்டு ஏற்றி நாலு நாள் கரண்ட் இல்லாவிட்டால்? பேட்டரி செத்தால் யார் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்?" மூன்றாவது கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.